சேலை லீடர்

முப்பது வருஷமாக மதுரை செல்லூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். விலையைக் குறை என்று வந்தவர்கள் உண்டு. சாயம் போய்விட்டது என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. "நான் வந்து கேட்டாலும் எனக்குச் சேலை விற்காதீங்க" என்று சொல்லிவைக்க வந்தவர் டீச்சர் ஒருவர்தான்.

என் கடைக்கு எதிர்வீட்டு மாடியில் அப்போதுதான் குடிவந்திருந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் பூகோளப் பாடம் நடத்துபவர் என்பது மட்டும் தெரியும். தனி ஆள். கூடப் பிறந்தவர் என்று நாகர்கோவிலில் ஒரு தங்கை. கடையில் கூட்டமில்லாத ஒரு காலை நேரத்தில் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. வகுப்பில் நிற்பது போலவே நின்றுகொண்டு ஆரம்பித்தார்.

"பாய், மாசத்துக்கு ஒரு சேலை எடுப்பேன். அதைத் தாராளமாக் குடுங்க. அதே மாசம் ரெண்டாவது கேட்டா யோசிங்க. மூணாவது கேட்டா குடுக்கவே குடுக்காதீங்க. எம்புட்டு கெஞ்சினாலும் சரி."

"ஏன் டீச்சர், வீட்ல திட்டுவாங்களா?"

"திட்டுறதுக்கு வீட்ல ஆள் இல்ல பாய். எனக்கு பைபோலார்."

சுகர் இருக்கிறது, பிரஷர் இருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னார். நான் விழித்தேன். தைராய்டு மாதிரி ஏதாவதா என்று கேட்டும் வைத்தேன். டீச்சருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"எனக்கும் வைகைக்கும் ஒரே ஜாதகம் பாய். வந்தா வெள்ளம், இல்லாட்டி மணலு. வெள்ளம் வந்தா தூக்கம் கிடையாது, பேச்சு நிக்காது, கடையையே வெலைக்குக் கேப்பேன். மணலாப் போனா கட்டில விட்டு எந்திரிக்க முடியாது. நடுவுல முழங்கால் தண்ணி ஓடணும்னுதான் மாத்திரை. ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. ஆனாலும் கரையில நாலு பேர் நிக்கிறது நல்லதில்ல?"

வகுப்புக்கு லீடர் போடும் பழக்கம் அந்த அம்மாவை விட்டுப் போகவேயில்லை. தெருவுக்கே லீடர் போட்டுவிட்டார். நான் சேலை லீடர். முனையில் பூ விற்கும் முத்தம்மா பூ லீடர். தினம் ஒரு முழம்தான் கணக்கு, அதற்கு மேல் கேட்டால் முத்தம்மா முழித்துக்கொள்ள வேண்டும். என் மனைவி ஜமீலா பால் லீடர். விடியற்காலையில் கேட்டில் தொங்கும் பையில் பால் பாக்கெட் விழும். அது வெயில் ஏறியும் எடுக்கப்படாமல் தொங்கினால், டீச்சர் கட்டிலை விட்டு எழவில்லை என்று அர்த்தம். அவருடைய சர்ச்சில் பாடகர் குழுவை நடத்தும் ஜெபராஜ் அண்ணன் குரல் லீடர். டீச்சர் பாடுவது ஆல்ட்டோ, அதாவது பெண்களில் கீழ்க்குரல். வெள்ளம் வரும் நேரத்தில் அவரை அறியாமல் குரல் மேலே ஏறி, சொப்ரானோ என்கிற மேல்குரல்காரர்களோடு சேர்ந்துவிடுமாம்.

எல்லோருக்கும் ஒரே உத்தரவு. முதலில் டீச்சரிடமே சொல்ல வேண்டும். அவர் கேட்கவில்லை என்றால் மலருக்குப் போன் போட வேண்டும். மலர் மனநல சேவைக் குழு ஒன்றில் வேலை பார்க்கும் பெண். ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்ப்பாள்.

"இப்பவே சம்மதம் சொல்லிட்டேன். அந்த நேரத்துல நான் என்ன திட்டினாலும் செல்லாது" என்றார் டீச்சர்.

திட்டும் வாங்கினேன். அடுத்த கோடை லீவில் ஒரு நாள் கடைக்குள் வந்தார். கண்ணில் அப்படி ஒரு ஒளி. உண்மையைச் சொன்னால் அன்றைக்கு டீச்சர் அவ்வளவு அழகாக இருந்தார். பேச்சும் அப்படி இனித்தது. சிக்கலே அங்கேதான். பார்க்கிறவர்களுக்கும் அந்த உற்சாகம் தொற்றிக்கொள்ளும், இதைப் போய் வியாதி என்று யார் சொல்வார்கள் என்று தோன்றும். தெருவில் இருக்கும் பெண்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு சுங்குடிச் சேலை வேண்டும் என்றார். அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு எடுத்திருந்தார். நான் கையைப் பிசைந்துகொண்டு, முடியாது என்றேன்.

"நீங்க என்ன வியாபாரியா, ஹாஸ்டல் வார்டனா?"

"நீங்க போட்ட லீடர் டீச்சர்."

"அப்ப உங்களைத் தூக்கிட்டேன். இந்த நிமிஷத்துல இருந்து நீங்க லீடர் இல்ல!"

போய்விட்டார். வேறு கடையில் மூட்டையாக வாங்கிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கியதைப் பார்த்தேன். பதவி போன கையோடு மலருக்குப் போன் போட்டேன். ஜெபராஜ் அண்ணன் எனக்கு முன்னாலேயே போட்டுவிட்டிருந்தார்.

மருந்தை மாற்றி, தங்கை வீட்டில் கொஞ்ச நாள் வைத்திருந்து திருப்பி அனுப்பினார்கள். வெள்ளம் வடிந்தால் மணல்தானே. கேட்டில் பால் எடுக்கப்படாமல் தொங்க ஆரம்பித்தது. ஜமீலா படியேறிப் போவாள். ஒன்றும் பேச மாட்டாள். ஒரு கட்டு முருங்கைக்கீரையை மடியில் போட்டுக்கொண்டு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஆய்ந்துவிட்டு வருவாள். "என்னம்மா சொன்னாங்க?" என்று கேட்டால், "ஒண்ணும் சொல்லல. நானும் ஒண்ணும் கேக்கல" என்பாள். எங்கள் வீட்டில் அந்த மாதம் முழுக்கக் கீரைதான். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது, வாயைத் திறக்கவில்லை. ஒரு நாள் ஜமீலா வாயெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தாள். டீச்சர் எழுந்து உட்கார்ந்து, கீரைக்கட்டிலிருந்து ஒரு கொத்தை உருவித் தானும் ஆய ஆரம்பித்தாராம்.

அப்புறம் சில நாள் கழித்து டீச்சர் கடைக்கு வந்தார். இளைத்திருந்தார். பேச்சு மெதுவாக வந்தது.

"பாய், உங்களை மறுபடியும் லீடராப் போட்டுட்டேன். அன்னைக்குத் திட்டினதெல்லாம் சேர்த்தியே இல்ல."

டீச்சரின் கூத்துகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஜாக்கெட் பிட் கூத்து. மலரின் குழு மாதம் ஒரு சனிக்கிழமை எங்கள் பகுதியில் முகாம் நடத்த ஆரம்பித்தது. என் கடைக்குப் பக்கத்தில் இருந்த நெசவாளர் சங்கக் கட்டிடம்தான் இடம். டாக்டர் வருவார், பேசிப் பார்ப்பார், மாத்திரை இலவசம். எல்லாம் இருந்தது, ஆட்கள்தான் இல்லை. செல்லூரில் ஒரு தறியில் தும்மினால் அடுத்த தறியில் கேட்கும். அந்த வாசலுக்குள் ஒருவர் நுழைந்தால் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். வீட்டில் பெண் இருந்தால் சம்பந்தம் தட்டிப்போகும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆளே வரவில்லையென்றால் முகாமை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விடுவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

டீச்சர் என்னிடம் வந்தார்.

"பாய், உங்ககிட்ட ஜாக்கெட் பிட் அம்புட்டும் விக்காமக் கெடக்குல்ல?"

"கெடக்கு. அதுக்கு?"

"முகாம் அன்னைக்கு சங்கக் கட்டிடத்துக்குள்ள ஒரு மேசை போடுங்க. வெளிய பார்த்தா 'ஜாக்கெட் பிட் மலிவு விற்பனை'. உள்ள வந்தா டாக்டர்."

போட்டேன். அடுத்த மாதமே ஆட்கள் வந்தார்கள். டாக்டரைப் பார்த்துவிட்டு, மாத்திரையை இடுப்பில் செருகிக்கொண்டு, கையில் ஜாக்கெட் பிட்டோடு நிமிர்ந்து நடந்து வெளியே போனார்கள். ஒரே ஒரு இடத்தில்தான் உதைத்தது. கல்யாணம் ஆகாத ஒரு தறிக்காரர் மாதாமாதம் ஜாக்கெட் பிட்டோடு போவதைப் பார்த்துவிட்டு, அவருக்கு எங்கேயோ ஒரு தொடுப்பு இருக்கிறது என்று தெரு பேச ஆரம்பித்துவிட்டது. அவரிடம் சொல்லி வருத்தப்பட்டேன். "இருக்கட்டும் பாய், பைத்தியம்னு சொல்றதுக்கு இது கௌரவம்" என்றார் மனுஷன். அதன்பிறகு மேசையில் துண்டும் லுங்கியும் சேர்த்து வைத்தேன்.

டீச்சர் மட்டும் எந்தத் துணிக்குப் பின்னாலும் ஒளியவில்லை. வாசலில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, தயங்கி நிற்பவர்களைப் பார்த்து, "வாங்க வாங்க, நானும் மாத்திரை வாங்கத்தான் வந்தேன். டாக்டர் இன்னைக்கு நல்ல மூடுல இருக்கார்!" என்று கூப்பிடுவார். வந்தவர்களுக்கும் லீடர் போட்டுக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தார். யாரை நம்பலாம், எந்த அடையாளத்தைப் பார்க்கச் சொல்லலாம் என்று ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து யோசிப்பார்.

கொஞ்சம் கொஞ்சமாக என் மேசையில் வியாபாரம் படுத்தது. "துண்டெல்லாம் வேணாம் பாய், மாத்திரைக்குத்தான் வந்தேன்" என்று தெருவுக்குக் கேட்கும்படியே சொல்லிவிட்டு உள்ளே போக ஆரம்பித்தார்கள். வியாபாரம் படுத்ததற்கு நான் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, இனிமேல் எங்களால் நடத்த முடியாது என்று குழுவில் கையை விரித்தார்கள். டீச்சர் சும்மா இருப்பாரா? முகாமுக்கு வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு கவுன்சிலர் வீடு, மாநகராட்சி அலுவலகம் என்று அலைந்தார். போகிற இடமெல்லாம், "எனக்கு பைபோலார், இவங்களுக்கு இன்னது" என்று அறிமுகத்திலேயே ஆரம்பிப்பார். கேட்கிற அதிகாரிகள்தான் நாற்காலியில் நெளிவார்கள்.

அந்த அலைச்சலுக்கு நடுவில்தான் அது நடந்தது. ஒரு நாள் கடையைத் திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருக்கிறேன், முத்தம்மாவிடமிருந்து போன்.

"பாய், டீச்சரம்மா முழம் முழமா வாங்கிட்டுப் போறாக. தலைக்கு வைக்கிற அளவு இல்ல, தேருக்குக் கட்டுற அளவு!"

அதை வைப்பதற்குள் ஜெபராஜ் அண்ணன். "பாய், நேத்து பிராக்டிஸ்ல டீச்சர் சொப்ரானோ பாடிட்டாங்க. எனக்கு என்னமோ சரியாப் படல."

போன் காதில் இருக்கும்போதே டீச்சர் கடைக்குள் வந்து நிற்கிறார். முகமெல்லாம் சிரிப்பு. மூச்சு வாங்குகிறது.

"பாய்! மாம்பழ மஞ்சள்ல பன்னெண்டு சேலை எடுங்க! ஒரே மாதிரி!"

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஸ்டாக் பார்க்கிற சாக்கில் அலமாரிக்குப் பின்னால் போய் மலருக்குப் போன் போட்டேன். ஜமீலாவை டீ போடச் சொல்லி ஜாடை காட்டினேன். டீச்சர் என்னவோ சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், "மொதல்ல டீ குடிங்க டீச்சர்" என்று நான் வாயை அடைத்தேன். அதற்குள் முத்தம்மா பூக்கூடையோடு வந்துவிட்டாள். ஜெபராஜ் அண்ணன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றார்.

டீச்சர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"என்ன, லீடர் மீட்டிங்கா?"

அவருக்கும் புரிந்துவிட்டது. முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே வடிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது.

"நான் என்ன சொல்ல வந்தேன்னு ஒருத்தராச்சும் கேட்டீங்களா?" என்றார். "முகாம் நிக்கல பாய். நம்ம ஏரியா சுகாதார நிலையத்துல தனி ரூம் குடுத்துட்டாங்க. மாசத்துக்கு ஒரு தடவை இல்ல, இனி வாரா வாரம். இப்பதான் போன் வந்துச்சு. பூ அந்த வாசலுக்கு. சேலை, நம்ம முகாம் பொம்பளைங்க தெறப்பு விழாவுல பாடுறதுக்கு. அவங்கவங்க சேலைக்கு அவங்கவங்களே குடுக்குறாங்க. ஜெபராஜ் அண்ணே, நம்ம சர்ச்ல சொப்ரானோ பாடுற எஸ்தருக்குத் தொண்டை கட்டிருச்சு, அவளுக்குப் பதிலா பாடுங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. "ஆமா டீச்சர். நான்தான் சொன்னேன். நீங்க பாடுனதும் எனக்கே பயம் வந்துருச்சு."

வேறு நேரமாக இருந்தால் டீச்சர் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"அழுதா, டீச்சருக்கு வந்துருச்சும்பீங்க. சிரிச்சாலும், டீச்சருக்கு வந்துருச்சும்பீங்க. எனக்கு ஒரு நல்ல சேதி வந்தா நான் எங்க போய் சந்தோஷப்படுறது பாய்?"

முத்தம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து மலர் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். நடந்ததைக் கேட்டுக்கொண்டு டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தூக்கம் எப்படி டீச்சர்?"

"பத்து மணிக்குப் படுத்தேன். பால்காரர் வந்தப்பதான் முழிச்சேன். இந்த வாரம் பூரா அப்படித்தான்."

"ஆமா, லைட்டு நேரத்தோட அணைஞ்சிருது. பாலையும் டான்னு எடுத்துடுறாங்க" என்று ஜமீலா சாட்சி சொன்னாள்.

"மாத்திரை?"

"ஒரு வேளை விடல."

மலர் எங்களைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப இது வெறும் சந்தோஷம்தான்" என்றாள்.

முதலில் சிரித்தவள் முத்தம்மா. அப்புறம் எல்லோரும். டீச்சர் மட்டும் யோசனையில் இருந்தார். பிறகு எழுந்து நின்றார். வகுப்பில் நிற்பது போல.

"புது ரூல் போடுறேன், கேட்டுக்கங்க. என்னைச் சந்தேகப்பட வேணாம்னு சொல்லல. அதுக்குத்தானே உங்களைப் போட்டேன். ஆனா மொதல்ல என்ன விஷயம்னு கேளுங்க. என்கூடச் சேர்ந்து சிரிங்க. அதுக்கப்புறம் தூங்குனீங்களான்னு கேளுங்க. வரிசை மாறக் கூடாது."

"சரிங்க டீச்சர்" என்றோம் எல்லோரும். ஜெபராஜ் அண்ணன் அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினார். நான் அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, மாம்பழ மஞ்சளில் ஒன்பதுதான் இருக்கிறது என்று சொன்னேன். ஜமீலா என்னை முறைத்த முறைப்பில், மீதி மூன்றும் மறுநாளே சின்னாளப்பட்டியிலிருந்து வந்து சேர்ந்தன.

திறப்பு விழாவில் பன்னிரண்டு பெண்களும் மஞ்சள் சேலையில் நின்று பாடினார்கள். சுருதி பல இடத்தில் தப்பியது. எஸ்தரும் தொண்டை சரியாகி, மேல்குரலுக்குத் துணையாக வந்திருந்தாள். டீச்சர் கீழ்க்குரலில், கண்ணை மூடிக்கொண்டு பாடினார். முன்வரிசையில் உட்கார்ந்து நாங்கள் பாட்டு முடிந்தும் விடாமல் கைதட்டினோம். பக்கத்தில் இருந்தவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். நான் நிறுத்தவில்லை.

புது ரூல் கேட்பதற்குத்தான் சுலபம். அதன்பிறகு ஒரு தடவை, மழைக்காலத்தில், டீச்சர் பளபளவென்று கடைக்குள் வந்தார். வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி மனநலத்துக்காக ஒரு ஊர்வலம், ஆயிரம் பேருக்குச் சேலை என்றார். என் கை போனைத் தேடிப் போனது. ஆனாலும் வரிசைப்படி என்ன விஷயம் என்று கேட்டேன், சேர்ந்து சிரித்தேன். அப்புறம்தான், "தூங்குனீங்களா டீச்சர்?" என்றேன்.

"தூக்கம் எதுக்கு பாய்?"

சொன்னவர் அப்படியே நின்றுவிட்டார். தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டது போல. மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். "போனைக் குடுங்க பாய்" என்று கையை நீட்டி, மலருக்கு அவரே பேசினார். அந்தத் தடவை வெள்ளம் கரையைத் தாண்டவில்லை.

ரிட்டயர் ஆனதும் தங்கையோடு இருக்க நாகர்கோவில் போய்விட்டார். எதிர்வீட்டு மாடிக்கு வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். பால் பை தொங்குகிறதா என்று ஜமீலா இன்னும் காலையில் எட்டிப் பார்க்கிறாள்.

போன வாரம் டீச்சரிடமிருந்து போன் வந்தது.

"பாய், இந்த ஊர்ல லீடருக்கு ஆளே அமைய மாட்டேங்குது. ஜவுளிக்கடைக்காரர்கிட்டப் போய், மூணாவது சேலை கேட்டா குடுக்காதீங்கன்னு சொன்னேன். மூணாவதுக்குத் தள்ளுபடி தாரேங்கிறார் பாய்! நீங்க ஒரு வார்த்தை பேசுங்க. இந்தா, பக்கத்துலதான் இருக்கார்."

போனை அவரிடம் கொடுத்துவிட்டார். முன்பின் தெரியாத ஒரு வியாபாரிக்கு, எப்படி விற்காமல் இருப்பது என்று நான் பாடம் எடுத்தேன். மனிதர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"சரி பாய். அவங்க ரொம்ப சந்தோஷமா வந்து நின்னா நான் என்ன செய்யணும்?"

"மொதல்ல நீங்களும் சேர்ந்து சந்தோஷப்படுங்க."

"அதுக்கப்புறம்?"

"தூங்குனீங்களான்னு கேளுங்க."

"கேட்டா திட்ட மாட்டாங்களா?"

"திட்டுவாங்க. லீடர் பதவிய விட்டே தூக்குவாங்க. பதறாதீங்க, மறுபடியும் போட்டுருவாங்க."

அந்தப் பக்கம் டீச்சர் சிரிக்கும் சத்தம் கேட்டது. பழக்க தோஷம், காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். கீழ்க்குரலில்தான் சிரித்தார்.